கேள்வி பதில்: குருத்துவ அழைப்பை முதலில் யாரிடம் சொல்வது?

கடந்த சில மாதங்களில், இங்கிலாந்தில் வாழும் வாசகர்களிடமிருந்து ஒரே பொருளைப் பற்றி ஐந்து கடிதங்கள் வந்துள்ளன. இங்கிலாந்துத் திருச்சபையில் குருவானவராகப் பணிபுரியும் அழைப்பு தமக்கோ தம் வீட்டில் ஒருவருக்கோ உண்டா என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் எழுதியவை அவை. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்து, பின்னர் இங்கிலாந்தில் சேகர ஊழியம் செய்து, தம் அழைப்பைச் சோதித்தறிய வருகிறவர்களுடன் அமர்ந்து பேசும் ஆலோசகராகவும் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்த இதழில் எனக்குரிய பக்கங்கள் முழுவதையும் இக்கடிதங்களுக்கே கொடுக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை, அவர்கள் கேட்டுக்கொண்டபடி, வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. நாசரேத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்து, தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றேன். 16 ஆண்டுகளாகத் தென் லண்டனில் செவிலியராக இருக்கிறேன். கணவரும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள இங்கிலாந்துத் திருச்சபை ஆலயத்திற்குச் செல்கிறோம். 2020 ஆம் ஆண்டு நோய்த்தொற்றின்போது, சொந்தக்காரர் ஒருவரும் அருகில் வர முடியாமல் இறந்துகொண்டிருந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்த இரவுகளுக்குப் பிறகு, குருவானவராக வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. எங்கள் ஆலயத்தின் பொறுப்புக் குருவானவரான விக்கர் ஒருமுறை தாமாகவே, "இதைப் பற்றி யோசித்ததுண்டா?" என்று கேட்டார், நான் பேச்சை மாற்றிவிட்டேன். என் வயது, என் ஆங்கில உச்சரிப்பு, நான் பெண் என்பது, ஊரில் என்ன சொல்வார்களோ என்பது எல்லாம் என்னைத் தடுக்கின்றன. இது அழைப்பா, களைப்பில் எழுந்த உணர்ச்சியா? எங்கே தொடங்குவது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன செய்திதான் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. நீங்கள் வாய் திறவாதிருந்தபோதே உங்கள் விக்கர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் மரபில் அழைப்பு என்பது ஒருவருடைய உள்ளத்தில் மட்டும் முடிந்துவிடும் காரியம் அன்று. 1662 ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகத்தில், குருப்பட்டத்திற்கு முந்தைய படியான டீக்கனாக அபிஷேகம் பெற வருகிறவரிடம், பரிசுத்த ஆவியானவரால் உள்ளத்தில் ஏவப்பட்டிருப்பதாக நம்புகிறீரா என்று பேராயர் கேட்கிறார். இக்காலத்து அபிஷேக ஆராதனையிலோ, பேராயர் கூடியிருக்கும் மக்களை நோக்கித் திரும்பி, இவர்கள் அபிஷேகம் பெறுவது உங்களுக்குச் சம்மதமா என்றும் கேட்கிறார்; மக்கள் சம்மதம் என்று சொன்ன பிறகே ஆராதனை மேலே செல்கிறது. உள்ளத்தின் ஏவுதலும் சபையின் குரலும் சேர்ந்தே அழைப்பாகின்றன. சீலோவில் சிறுவனாகிய சாமுவேலுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவன் தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதை மூன்று முறை தெளிவாகக் கேட்டான். மூன்று முறையும் ஆசாரியனாகிய ஏலியிடம்தான் ஓடினான். அழைக்கிறவர் யார் என்று அவனுக்கு விளங்கவில்லை. கண் மங்கிப்போன, தன் வீட்டையே சரியாக நடத்தத் தவறிய அந்த முதியவர்தான் அதை உணர்ந்து, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். உங்கள் விக்கர் உங்களுக்குச் செய்ததும் அதுவே. அவரிடம் திரும்பிச் சென்று, "அன்று நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, இப்போது பேசலாமா?" என்று கேளுங்கள். முதல் அடி அவ்வளவே.

இது களைப்பில் எழுந்த உணர்ச்சியா என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அந்த இரவுகளின் துக்கம் உங்களுக்குள் இன்னும் ஆறாமல் இருந்தால், குருத்துவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதற்கு மருந்து தேட வேண்டும். துக்கத்தைச் சுமக்க ஒரு வழியாக அபிஷேகத்தை நாடியவர்களை நான் கண்டிருக்கிறேன், அது அவர்களுக்கும் சபைக்கும் பாரமாகவே முடிந்தது. ஆனால் ஆண்டுகள் கடந்தும், விடுமுறையிலும், மனம் அமைதியாக இருக்கும் நாளிலும் அந்த எண்ணம் திரும்பத் திரும்ப வருமானால், அதைக் களைப்பு என்று தள்ளிவிட முடியாது. இன்னொன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குருவானவர் என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழும் காட்சி எது? மரணப் படுக்கையின் அருகில் நிற்பது மட்டுமானால், உங்கள் அழைப்பு மருத்துவமனையிலேயே நிறைவேறக்கூடியதாக இருக்கலாம். குருப்பட்டம் பெறாதவர்களும் இன்று மருத்துவமனைகளில் ஆன்மிகத் துணைப் பணியாளர்களாகச் சேவை செய்கிறார்கள். திருவிருந்து மேசையில் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதையும், முன்பின் அறியாதவர்களின் அடக்க ஆராதனையை நடத்துவதையும், ஒழுகும் கூரைக்காகக் கூடும் சபைக் கமிட்டியில் மாலை முழுவதும் பொறுமையாக உட்கார்ந்திருப்பதையும் நீங்கள் மனதாரக் காண முடிகிறது என்றால், அது குருத்துவத்தை நோக்கிய அழைப்பாக இருப்பதற்கு இடமுண்டு.

இனி நடைமுறை. விக்கர் உங்களை, ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள வட்டாரமான திருமண்டலத்தின் அழைப்பு ஆலோசகரிடம் அனுப்புவார். தென் லண்டனின் பெரும்பகுதி சவுத்வார்க் திருமண்டலத்தைச் சேர்ந்தது. ஆலோசகருடன் சில சந்திப்புகள் நடந்த பின், குருத்துவப் பயிற்சிக்கு உரியவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளரைக் காண்பீர்கள். அவரை எல்லோரும் டி.டி.ஓ. என்றுதான் சொல்கிறார்கள். அவருடன் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், உரையாடல் நடக்கும். உங்கள் ஜெப வாழ்க்கை, திருமணம், பணவிவகாரம், கோபம், தோல்வி எல்லாம் பேசப்படும். உங்களை அறிந்தவர்களின் நற்சாட்சிக் கடிதங்களும், குற்றப் பின்னணிச் சோதனையும், சிறுவரையும் நலிந்தோரையும் பாதுகாப்பது பற்றிய பயிற்சியும் தேவைப்படும். அதன்பின் பேராயரின் இசைவுடன் தேசிய அளவிலான இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் இணையவழியில், ஆறு பேருடன் ஆறு சிறு உரையாடல்களாக நடக்கும். இரண்டாம் கட்டத்தில் இரண்டு நாட்கள் ஓரிடத்தில் தங்கி, பிற விண்ணப்பதாரர்களுடன் உண்டு, ஜெபித்து, நேர்காணல்களில் கலந்துகொள்ள வேண்டும். தேவன்மீதுள்ள அன்பு, ஊழியத்திற்கான அழைப்பு, மக்கள்மீதுள்ள அன்பு, ஞானம், கனிதரும் வாழ்க்கை, வளரும் ஆற்றல், நம்பகத்தன்மை ஆகிய ஏழு பண்புகளை அவர்கள் உங்களிடம் தேடுவார்கள். அவர்கள் பரிந்துரைதான் செய்கிறார்கள். முடிவு உங்கள் பேராயருடையது. முதலில் இறையியல் பட்டத்தை வாங்கிவிட்டுப் பிறகு கதவைத் தட்டலாம் என்ற வரிசை இங்கு இல்லை. பேராயர் அனுப்பிய பிறகே குருத்துவப் பயிற்சி தொடங்குகிறது.

பயிற்சிக்காகச் செவிலியர் வேலையை உடனே விட வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜிலும் டர்ஹாமிலும் உள்ளவை போன்ற கல்லூரிகளில் தங்கி 2 அல்லது 3 ஆண்டுகள் படிக்கிறவர்கள் உண்டு. வேலையில் இருந்துகொண்டே வார மாலைகளிலும் சில வாரஇறுதிகளிலும் படிப்பவர்களும் உண்டு. வெஸ்ட் மாலிங்கிலும் சவுத்வார்க்கிலும் இயங்கும் புனித அகுஸ்தீன் இறையியல் கல்லூரி அத்தகைய பகுதிநேரப் படிப்புக்கு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. படிப்பு முடிந்ததும், வழக்கமாக ஜூன் 29 ஆகிய புனித பேதுரு திருநாளை ஒட்டி, டீக்கனாக அபிஷேகம்; ஓராண்டு கழித்துக் குருவானவராக அபிஷேகம்; அனுபவமுள்ள ஒரு குருவானவரின் கீழ் 3 அல்லது 4 ஆண்டுகள் கியூரட் என்ற உதவிக் குருவானவராகப் பணி. ஆகவே இன்று விக்கரிடம் பேசினாலும், ஒரு சேகரத்தின் முழுப் பொறுப்பு உங்கள் கைக்கு வர ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆகலாம். இந்த நீண்ட காலத்தைக் குறித்து முணுமுணுப்போர் உண்டு. ஆத்துமாக்களை ஒப்புக்கொடுக்கும் முன் சபை இவ்வளவு பொறுமை காட்டுவது சரி என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் தயக்கங்களுக்கு வருகிறேன். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் 1987 முதல் டீக்கன்களாகவும், 1994 முதல் குருமார்களாகவும் அபிஷேகம் பெறுகிறார்கள். 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் முதன்முதலாகக் குருவானவர்களான பெண்கள் 32 பேர். முதல் பெண் பேராயராக லிபி லேன் 2015 ஜனவரியில் அபிஷேகம் பெற்றார். பெண்களின் குருத்துவத்தை மனசாட்சியின்படி ஏற்க இயலாத சேகரங்கள் இன்றும் அத்திருச்சபைக்குள் உண்டு, அவற்றுக்குத் தனி ஏற்பாடும் உண்டு. இதை முன்னமே அறிந்து செல்வது நல்லது. நம் சி.எஸ்.ஐ.யிலும் 2013 இல் நந்தியால் பேராயராக எக்கோனி புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றதை ஊரில் கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். 2025 அக்டோபரில் காண்டர்பரி பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்ட முதல் பெண்ணான சாரா முலல்லி ஒரு செவிலியர் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1999 இல் இங்கிலாந்தின் தலைமைச் செவிலிய அதிகாரியான அவர், அந்தப் பதவியில் இருந்தபடியே 2001 இல் அபிஷேகம் பெற்று, 2004 இல்தான் முழுநேரத் திருப்பணிக்கு வந்தார். வயதைப் பொறுத்தவரை, நம் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912 இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்.எம்.சி.ஏ.யில் பல ஆண்டுகள் உழைத்த பிறகு, 1909 இல்தான் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 35. உங்களுக்கு 41 என்பது இக்காலத்தில் தாமதமே அன்று. உச்சரிப்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த இரவுகளில் இறந்துகொண்டிருந்தவர்கள் கடைசியாகக் கேட்ட ஜெபம் உங்கள் உச்சரிப்பில்தான் இருந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று உருவான சி.எஸ்.ஐ., ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் அங்கமான திருச்சபை. அங்கே பெற்ற ஞானஸ்நானத்தை மறுபடி பெற வேண்டியதில்லை. ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களை ஊரிலிருந்து இப்போதே வரவழைத்து, டி.டி.ஓ.விடம் காட்டிப் பேசிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இன்றிரவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அவரிடம் சொன்னதாக எந்தக் குறிப்பும் இல்லை.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 23, லண்டன் ஈஸ்ட் ஹாமில் பிறந்து வளர்ந்தேன், கணினித் துறையில் வேலை செய்கிறேன். குறைமாதத்தில் பிறந்து நான் பிழைக்க மாட்டேன் என்றிருந்தபோது, "பிழைத்தால் இவனை ஊழியத்துக்குக் கொடுப்பேன்" என்று என் தாய் பொருத்தனை செய்தார். உறவினர் அனைவருக்கும் இது தெரியும். நான் பாடகர் குழுவில் பாடுகிறேன், ஆண்டவரை நேசிக்கிறேன். ஆனால் குருவானவராகும் ஏவுதல் எனக்குள் இல்லை. பொருத்தனையை மீறினால் சாபம் வருமோ என்று அம்மா அழுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, உன் தாயின் பொருத்தனையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். குழந்தையின் மூச்சு நின்றுபோகுமோ என்று மருத்துவமனையில் விழித்திருந்த ஒரு தாய், தன்னிடமிருந்த விலையேறப்பெற்ற ஒன்றைத் தேவனுக்கு முன் வைத்தார். சாமுவேலின் தாயான அன்னாளும் அப்படித்தான் செய்தாள். ஆனால் முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடாமல் மூன்றாம் அதிகாரத்தையும் உன் தாயோடு உட்கார்ந்து வாசி. அன்னாளின் பொருத்தனை சாமுவேலைச் சீலோவில் கொண்டுபோய் விட்டது. அவன் அங்கே வளர்ந்தான், ஏபோத் என்னும் சணல்நூல் ஆசாரிய உடையைத் தரித்தான், பணிவிடை செய்தான். இவ்வளவுக்குப் பிறகும் சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான் என்றே வேதம் சொல்கிறது. கர்த்தர் அவனைப் பெயர் சொல்லி அழைத்தபோதுதான் அழைப்பு பிறந்தது. தாயின் ஒப்புக்கொடுத்தல் பிள்ளையை அழைப்பின் வாசல்வரை கொண்டுபோகலாம். உள்ளே பதில் சொல்ல வேண்டியவன் பிள்ளை.

இதை மனதை ஆற்றுவதற்காக மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் நேர்காணல்களில், ஏன் இந்த ஊழியம், ஏன் நீ, ஏன் இப்போது என்று பலமுறை பல விதத்தில் கேட்பார்கள். "என் அம்மா நேர்ந்துகொண்டார்" என்பது அந்தக் கேள்விகளுக்கு ஒரு தொடக்கமாக இருக்கலாம், முழுப் பதிலாக இருக்க முடியாது. அபிஷேக நாளிலும் பேராயர் உன்னைத்தான் கேட்பார். உன் தாய் ஆலயத்தின் முன்வரிசையில் இருந்தாலும் அவரைக் கேட்க மாட்டார். தாய்தந்தையின் பொருத்தனையை நிறைவேற்றுவதற்காகவே குருப்பட்டம் பெற்று, நாற்பது வயதில் திருவிருந்து மேசைக்கு முன் நின்று, இது யாருடைய வாழ்க்கை என்று தன்னையே கேட்டுக்கொண்ட ஒரு நண்பர் எனக்கு இருந்தார். அவர் கெட்ட போதகர் அல்லர். ஆனால் அவர் பட்ட வேதனையை நான் அருகிலிருந்து கண்டேன், அதை உனக்கு விரும்ப மாட்டேன்.

சாபத்தைப் பற்றிய அச்சத்திற்கு வேதத்திலேயே மறுமொழி இருக்கிறது, அதை நம் சபைகளில் பிரசங்கிப்பது அபூர்வம். லேவியராகமம் 27 ஆம் அதிகாரம் பெரும்பாலும் பொருத்தனைகளைப் பற்றியது. ஒருவன் ஒரு மனிதனையே கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்று அதில் விதி உண்டு. நேர்ந்துகொள்ளப்பட்டவருக்கு வயதின்படி ஒரு மதிப்பு குறிக்கப்படுகிறது. ஒரு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள ஆண்பிள்ளைக்கு அது ஐந்து வெள்ளிச்சேக்கல். அதையும் கொடுக்க இயலாத ஏழைக்கு, அவன் திராணிக்குத் தக்கதாக ஆசாரியன் மதிப்பிட வேண்டும். நேர்ந்துகொள்ளப்பட்ட ஒவ்வொருவரும் ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியனாக வேண்டும் என்று நியாயப்பிரமாணமே கேட்கவில்லை. உன் தாய் தம் நன்றியை வேறு விதத்தில் செலுத்த விரும்பினால், குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சைக்கு ஒரு காணிக்கை கொடுக்கட்டும். உன்னைக் காப்பாற்றியதும் அத்தகைய ஒரு பிரிவுதானே.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று சொல்கிறேன். இன்று ஏவுதல் இல்லை என்பதால் என்றைக்கும் இல்லை என்று கதவை அடைத்துவிடாதே. அழைப்பு ஆலோசகர்கள் ஆள் சேர்க்கிறவர்கள் அல்லர். "எனக்கு ஏவுதல் இல்லை, ஆனால் வீட்டில் இந்தப் பொருத்தனை இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, ஒருமுறை சென்று பேசு. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஊழியம் உண்டு என்பதை அவர்கள் உனக்கு விளக்குவார்கள். அந்தப் பேச்சுக்கு உன் தாயை அழைத்துப்போக வேண்டாம். திரும்பி வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்.

கேள்வி: வயது 57, மில்டன் கீன்ஸில் கணக்காளர். முதல் மணம் முறிவுற்று மறுமணம் செய்தவன். முன்னாள் மனைவி உயிருடன் இருக்கிறார். எனக்கு இனிக் குருத்துவ வாய்ப்பு உண்டா? சம்பளம் எவ்வாறு?

பதில்: திருச்சபைச் சட்டம் குறிப்பிடுவது குறைந்த வயதை: டீக்கனுக்கு 23, குருவானவருக்கு 24. பயிற்சிக்கும் கியூரட் பணிக்கும் பிறகு எத்தனை ஆண்டுகள் ஊழியத்திற்கு மிஞ்சும் என்பதைத் திருமண்டலம் எண்ணிப் பார்க்கும். ஆகவே உங்கள் வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் தம் வருமானத்திலேயே வாழ்ந்து ஊதியமின்றி ஊழியம் செய்யும் குருவானவர்களாகவே கருதப்படுகிறார்கள். முழுநேரத்தாருக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்பதைவிட வாழ்க்கைப்படி என்பதே பொருந்தும். வேறு வேலை தேடாமல் ஊழியத்தில் இருக்கும்படி கொடுக்கப்படுவது அது, அதோடு குடியிருக்க வீடும் உண்டு. மறுமணம் உங்களை அறவே விலக்குவதில்லை. ஆனால் உங்கள் நிலையில் பேராயர் மாகாணப் பேராயரிடம் தனி அனுமதி பெற வேண்டும், அதற்காக முதல் மணம் முறிந்த வரலாற்றை விரிவாக விசாரிப்பார்கள். இதை முதல் சந்திப்பிலேயே டி.டி.ஓ.விடம் சொல்லிவிடுங்கள், உங்கள் இப்போதைய மனைவியும் அந்த விசாரணைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். 1866 முதல் இங்கிலாந்துத் திருச்சபையில் இருந்துவரும் ரீடர் என்ற பொதுநிலை ஊழியத்தையும் எண்ணிப் பாருங்கள். பிரசங்கிப்பதும் போதிப்பதுமே உங்கள் ஆவலானால், குருப்பட்டம் இல்லாமலே அதற்கு உரிமம் உண்டு.

கேள்வி: நான் 34 வயதுப் பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகள் ஆலோசகர், டி.டி.ஓ., இரண்டு கட்டத் தேர்வு எல்லாம் கடந்து, இறுதியில் பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று பேராயரிடமிருந்து செய்தி வந்தது. நான்கு மாதங்களாக ஆலயத்திற்குச் செல்ல மனமில்லை. நான் கேட்டது ஆண்டவரின் குரல் இல்லையா?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் பதில் சொன்னால் அது பொய்யாகும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இளைஞனாக இருந்தபோது என்னையும் ஒரு தேர்வுக் குழு இரண்டு ஆண்டுகள் காத்திருக்கச் சொன்னது. அந்த நாளில் நான் ஆலயத்தின் மணியோசையைக் கேட்டால் ஜன்னலை மூடிக்கொள்வேன். பிறரைப் பார்த்து "ஆண்டவர் வேறு வழி வைத்திருக்கிறார்" என்று எளிதாகச் சொல்கிறவர்கள், அச்சொல் அந்த வாரத்தில் எவ்வளவு காயப்படுத்தும் என்பதை அறியார். எனவே அதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

அழைப்பைச் சபை சோதித்தறிகிறது என்று மேலே முதல் கடிதத்துக்குப் பதிலாக எழுதினேன். அதைச் சோதிக்கிறவர்கள் மனிதர்கள். அவர்கள் கவனமாகவும் ஜெபத்தோடும் செய்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்கள் தவறக்கூடும் என்பதையும் அறிவேன். ஹாங்காங் திருமண்டலத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் லீ டிம் ஓய் என்ற டீக்கன், போர்க்காலத்தில் அகதிகள் நிரம்பியிருந்த மக்காவில் தனியே சபையை நடத்தினார். ஜப்பானிய ஆக்கிரமிப்பினால் குருவானவர் எவரும் அங்கே திருவிருந்து கொடுக்கச் செல்ல இயலவில்லை. எனவே பேராயர் ரொனால்ட் ஹால் 1944 ஜனவரி 25 அன்று அவரைக் குருவானவராக அபிஷேகம் செய்தார். ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் முதல் பெண் குருவானவர் அவரே. போர் முடிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. 1946 இல் அவர் தம் உரிமத்தை ஒப்படைத்தார், ஆனால் தாம் பெற்ற குருப்பட்டத்தைத் துறக்கவில்லை. 1971 இல்தான் அவருடைய குருத்துவம் மீண்டும் ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் சபையின் மறுப்புக்குக் கீழே அந்த அழைப்பு உயிரோடு இருந்தது.

ஆனால் எல்லா மறுப்பும் பிழை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பல மறுப்புகள் சரியானவை, சில இரக்கமானவையும்கூட. அவற்றைப் பெற்றவர்களே பல ஆண்டுகள் கழித்து என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுடையது எது என்பதைக் கண்டறிய உங்களிடம் ஒரு சாதனம் உண்டு: ஆலோசகர்கள் எழுதிய அறிக்கை. நீங்கள் அதை ஒருமுறை படித்து மூடிவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை டி.டி.ஓ.விடம் எடுத்துச்சென்று, வரிவரியாக அவரோடு வாசியுங்கள். அழைப்பு தெளிவாகவில்லை என்கிறார்களா, அழைப்பு உண்டு ஆனால் இன்ன பகுதியில் முதிர்ச்சி தேவை என்கிறார்களா, வேறு விதமான ஊழியத்தைச் சுட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வகையானால், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று பரிந்துரை பெற்றவர்கள் உண்டு. முதலாவது வகையானால், அந்தச் சொல்லை ஏற்கவும் காலம் வேண்டும். அதை உடனே ஏற்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை.

ஆலயத்தைப் பற்றி மட்டும் சற்று உரிமையோடு சொல்கிறேன். உங்களைப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தவர்கள் உங்கள் ஞானஸ்நானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் சொந்த ஆலயத்தில் எல்லோரும் விசாரிப்பார்கள் என்ற கூச்சம் இருந்தால், சில வாரங்களுக்கு வேறோர் ஆலயத்தில், யாரும் அறியாதவராகப் பின்வரிசையில் அமர்ந்து, திருவிருந்தில் பங்குகொள்ளுங்கள். நான் அந்த இரண்டு ஆண்டுகளில் அப்படித்தான் செய்தேன்.

கேள்வி: என் மனைவி இவ்வாண்டு டி.டி.ஓ.வைச் சந்திக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் ரயில் ஓட்டுநர். எங்கள் ஊரில் ஐயர் (போதகர்) ஒருவர் வந்தால், அவர் மனைவியான ஐயரம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்துவார், ஓய்வுநாள் பள்ளியைப் பார்ப்பார், வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுப்பார். அவள் குருவானவரானால் என்னிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்?

பதில்: சகோதரரே, இங்கிலாந்துத் திருச்சபை உங்களுக்கு எந்தப் பதவியும் கொடுப்பதில்லை, எந்தக் கடமையும் விதிப்பதில்லை. நீங்கள் ரயில் ஓட்டுநராகவே இருக்கலாம். சபையார் சிலர் தம் வழக்கப்படி எதையேனும் எதிர்பார்ப்பார்கள். அதை முதல் மாதத்திலேயே மரியாதையாகத் தெளிவுபடுத்துவது உங்கள் மனைவிக்கு உதவி. நம் ஊர் ஐயரம்மாக்கள் ஒரு காசும் பெறாமல் செய்த ஊழியத்தின் பாரத்தை, என் மனைவி சுமந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், நான் நன்றாக அறிவேன். அது அவர்கள் அன்பினால் கொடுத்தது. யாரிடமும் உரிமையாகக் கேட்கத்தக்கது அன்று.

உங்கள் வீட்டுக்கு உண்மையில் வரப்போகும் மாற்றங்கள் வேறு. முழுநேரப் பணியானால், கியூரட்டாக ஓரிடம், பிறகு சேகரப் பொறுப்பேற்று வேறோர் இடம் என்று இருமுறையேனும் வீடு மாற வேண்டிவரும். பிள்ளைகளின் பள்ளியும், நீங்கள் வேலைக்குப் புறப்படும் பணிமனையும் அதற்கேற்ப மாறலாம். குடியிருக்கும் வீடு உங்களுடையதாக இராது. கிறிஸ்துமஸும் உயிர்த்தெழுந்த ஞாயிறும் அவளுக்கு ஆண்டிலேயே மிகுந்த வேலையுள்ள நாட்களாகும். நீங்களோ முறைமாற்றுப் பணியில் இருப்பவர். இருவருடைய ஓய்வுநாளும் ஒன்றாக அமையாத வாரங்கள் பல வரும். இவற்றை அவள் தேர்வுக்குச் செல்லும் முன்பே, நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, இருவரும் பேசுங்கள். டி.டி.ஓ. உங்களையும் சந்திக்க விரும்பலாம்; அது உங்களைச் சோதிக்க அன்று. அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். அச்சமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தால், அவள் முன்னிலையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.